சாட்சிக் கையெழுத்து

1

திண்டுக்கல்லிலிருந்து என் மைத்துனர் கடிதம் எழுதியிருக்கிறார். மூன்று பக்கம் மூட்டுவலி, அரைப் பக்கம் மழை, கடைசியில் ஒரு வரி: "மாப்பிள்ளை டில்லியில் கோல்ஃப் ஆடுகிறாராமே, கவர்னர் மாதிரி!" கடிதம் என் மனைவிக்கு. ஆச்சரியக்குறி எனக்கு.

ஊரில் இந்தப் பேச்சு பரவி, கல்யாண வீடுகளில் எனக்கு முன்வரிசையில் நாற்காலி போடத் தொடங்குவதற்குள் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இப்போது கோபமாகவும் இருக்கிறது. இரண்டு மாதமாக இறங்காத கோபம். அதில் பாதி ஒரு கிளப்பின் மேல், கால்வாசி ஒரு ஜாயிண்ட் செக்ரட்டரியின் மேல். மிச்சம் யார் மேல் என்பது போகப் போகத் தெரியும்.

நான் மத்திய சர்க்காரில் அண்டர் செக்ரட்டரி. ஊர்க்காரர்கள் இதில் 'செக்ரட்டரி' என்ற பாதியை மட்டும் காதில் வாங்குகிறார்கள். டில்லிக்காரர்கள் 'அண்டர்' என்ற பாதியை மட்டும். லோதி ரோடில் இரண்டு அறை குவார்ட்டர்ஸ், விமானம் கிளம்புவது போலச் சத்தம் போடும் ஒரு கூலர், பக்கத்து வீட்டுக் கலர் டி.வி.யின் ஒலி மட்டும் இலவசம். இருபத்திரண்டு வருஷ டில்லி வாசத்தின் சம்பாத்தியம் இது.

வந்த புதிதில் ஒரு மேலதிகாரி எனக்கு உபதேசம் செய்தார். இந்த ஊரில் பிரமோஷன் ஆபீஸில் விளைவதில்லை, கோல்ஃப் புல்லில்தான் விளைகிறது என்றார். நகருக்கு வெளியே ஒரு கிளப்பில் சர்க்கார் அதிகாரிகளுக்கென்று ஒரு காத்திருப்புப் பட்டியல் உண்டு. விண்ணப்பித்தேன். ஒன்பது வருஷம் கழித்து 'தங்களைச் சேர்த்துக்கொள்வதில் மகிழ்கிறோம்' என்று கடிதம் வந்தது. அதற்குள் உபதேசித்தவர் ரிட்டையராகி, காசிக்கும் போய்த் திரும்பிவிட்டார். எனக்கு முதுகு வலி வந்துவிட்டது. ஆனால் ஒன்பது வருஷம் காத்திருந்து கிடைத்ததை வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் எந்த சர்க்கார் ஊழியனுக்கு உண்டு?

டேராடூனுக்குக் குடிபோன ஒரு கர்னல் விட்டுப்போன பழைய மட்டைகள் ஒன்பது வாங்கினேன். ஒன்றின் கழுத்தில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் அந்த நீளப் பையோடு ஏறுவேன். கண்டக்டர் ஒவ்வொரு வாரமும் தவறாமல், "பாபுஜி, தோப் லேகே கஹான்?" என்பார். பீரங்கியை எடுத்துக்கொண்டு எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று அர்த்தம். பஸ் முழுக்கச் சிரிக்கும். எந்தக் கவர்னர் இப்படிப் போகிறார் என்று என் மைத்துனர் விசாரித்துச் சொல்லட்டும்.

2

மாதத்துக்கு ஒரு ஞாயிறு கிளப்பில் போட்டி. பதினெட்டுக் குழிகள். பந்தைக் கையால் தொடாமல், மட்டையால் அடித்து அடித்தே ஒவ்வொரு குழிக்குள்ளும் தள்ள வேண்டும். மொத்தத்தில் யாருக்குக் குறைந்த அடியோ அவர் ஜெயித்தார். ஆட்டம் வராதவர்களுக்கு ஹாண்டிகாப் என்று ஒரு சலுகை. அவரவர் திறமையின்மைக்குத் தக்கபடி மொத்தத்திலிருந்து சில அடிகளைக் கழித்துவிடுவார்கள். எனக்கு அதிகபட்சம்: இருபத்துநாலு. கழித்த பிறகும் நான் நூறு. ஜெயிப்பவர் எழுபது.

"ஜெயிக்க மாட்டீங்கன்னு தெரியுது. அப்புறம் எதுக்குங்க மாசா மாசம் பேரு குடுக்கறீங்க?" என்று என் மனைவி கமலா கேட்பாள். நியாயமான கேள்வி. நான் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொள்வேன்.

பதிலை இங்கே சொல்கிறேன். வியாழக்கிழமை கிளப் பலகையில் போட்டிப் பட்டியல் ஒட்டுவார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு, யார் யாரோடு, எத்தனை மணிக்கு என்று டைப் அடித்த காகிதம். அதில் ஒரு ஜட்ஜுக்கு மேலே என் பெயர் இருக்கும், ஒரு ஜெனரலுக்குப் பக்கத்தில் இருக்கும். சம்பள விகிதத்தைப் பார்க்காமல் டில்லியில் என் பெயரை டைப் அடிக்கும் ஒரே காகிதம் அது. இன்னொன்று: ஆபீஸில் நான் செய்யும் தவறு ஐந்து மேஜை தாண்டி யாருடையது என்று தெரியாமல் போய்விடும். மைதானத்தில் நான் செய்கிற தவறு முழுக்க என்னுடையது. என் நூறு நான் நேர்மையாகச் சம்பாதித்த நூறு. கடைசி இடமானாலும் அதில் ஒரு கர்வம் இருந்தது. 'இருந்தது' என்றுதான் எழுத முடிகிறது.

ஒரு விதி மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆடுபவர் தன் அடிக்கணக்கைத் தானே எழுதக்கூடாது. கூட ஆடுபவர் எழுத வேண்டும். முடிவில் 'சரி' என்று சாட்சிக் கையெழுத்தும் போட வேண்டும். நடுவர் கிடையாது. ஒரு கனவான் இன்னொரு கனவானுக்குச் சாட்சி. வெள்ளைக்காரன் விட்டுப்போன ஏற்பாடு. கனவான்களை மட்டும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

என் பையைத் தூக்கி வந்தவர் ஏழுமலை. பை தூக்குபவர்களை அங்கே காடி என்பார்கள். திண்டிவனம் பக்கம். கட்டட வேலைக்கு டில்லி வந்து, சாரத்திலிருந்து விழுந்து, செங்கல்லைவிட மட்டைகள் கனம் குறைவு என்று இதற்கு வந்தவர். நாற்பது வயது. மனைவி நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். மைதானத்துக்கு அப்பால் ஒரு ஜுக்கிக் குடிசையில் குடித்தனம். கிளப் கொடுத்த பித்தளை பேட்ஜ் சட்டையில் இருந்தால்தான் காவல்காரன் அவரை உள்ளே விடுவான். நாலு வருஷமாக என் பந்துகளைப் புதர்களில் தேடியவர். "சார், இன்னிக்கி மூணு பந்துதான் தொலைச்சீங்க, பரவால்ல" என்பார். என் ஆட்டத்தைப் பற்றி டில்லியில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

3

மார்ச் மாதப் போட்டியில் சீட்டு என்னை ராமதுரையோடு சேர்த்துப் போட்டது. என் மந்திராலயத்திலேயே ஜாயிண்ட் செக்ரட்டரி. தமிழர். என்னைப் பற்றிய வருடாந்தர ரகசிய அறிக்கை, அதாவது எனக்கு டெபுடி செக்ரட்டரி பதவி உண்டா இல்லையா என்பது, அவர் பேனாவில் இருக்கிறது. ஆபீஸில் என்னிடம் இங்கிலீஷ், பியூனிடம் ஹிந்தி, தமிழ் வீட்டில் ஸ்வாமிக்கு மட்டும்.

அன்று அவருடைய காடி வரவில்லை. மைதானத்துக்கு வந்ததும் ஏழுமலையைப் பார்த்து, சீக்கிரம் வா என்று விரலைச் சொடுக்கினார். "ஏ, இதர் ஆவ். ஜல்தி." ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் என் ஷூ லேஸைப் பார்த்தேன். ஏழுமலை அவர் பையைத் தூக்கிக்கொண்டார். என் பீரங்கியை நானே சுமந்தேன்.

அவர் நன்றாகவே ஆடினார், அதையும் சொல்லிவிட வேண்டும். பதினாலாவது குழியில் பந்து ஒரு கீக்கர் புதருக்குள் போய்விட்டது. நம் ஊர்க் கருவேலத்துக்கு அண்ணன், முள் ஒவ்வொன்றும் தையல் ஊசி. ஏழுமலை பையோடு பாதையில் நின்றார், எனக்குப் பக்கத்தில். ராமதுரை புதரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். குனிந்தார். கை உள்ளே போனது. பந்து பறந்து வந்து இருபது தப்படி முன்னால் புல்லில் விழுந்தது.

நிமிர்ந்தவர் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார்.

"லக்கி, இல்லே? மரத்துல பட்டு வெளியே வந்துடுச்சு," என்றார். தமிழில்.

பந்து புதருக்குள் போய் இரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. இரண்டு நிமிஷம் உட்கார்ந்து யோசித்துவிட்டு மரத்தில் பட்டுத் திரும்பிய பந்தை நான் அன்றுதான் பார்த்தேன்.

அந்தக் குழியை முடித்துவிட்டு, "அஞ்சு போட்டுக்குங்க," என்றார். ஐந்து போட்டேன். முடிவில் சாட்சிக் கையெழுத்தும் போட்டேன். கை நடுங்கியது என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். நடுங்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக நான் கையெழுத்துப் போடாத அபத்தம் ஏது?

ராமதுரை ஓர் அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். வெள்ளி முலாம் பூசிய கோப்பையை வாங்கும்போது நான் கை தட்டினேன். பலமாகவே.

4

எங்களுக்குப் பின்னால் ஆடி வந்தவர் ஒரு ரிட்டையர்டு பிரிகேடியர். புதரிலிருந்து பந்து வந்தது, மட்டைச் சத்தம் வரவில்லை என்று திங்கட்கிழமை கமிட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பட்டாளத்தில் சத்தத்தைக் கணக்கு வைத்துப் பழகியவர்.

புதன்கிழமை ராமதுரை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். டீ வரவழைத்தார். "அந்தக் கிளப் விஷயம் முடிஞ்சுடுச்சு. காடிதான் பந்தைக் கையால எடுத்துப் போட்டிருக்கான். என் காடி பண்ணதுக்கு நான்தான் பொறுப்புன்னு கப்பைத் திருப்பிக் கொடுத்துட்டேன். அவனும் எழுதிக் கொடுத்துட்டான், பேட்ஜை வாங்கிட்டாங்க. உங்களுக்கு அங்கேர்ந்து ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, இல்லையா?"

"தெரியலை சார்," என்றேன். டீயையும் குடித்தேன்.

கோப்பையைத் திருப்பிக் கொடுத்ததற்காகக் கிளப்பில் அவருக்குக் கை தட்டினார்களாம். உண்மையான விளையாட்டு வீரர் என்று தலைவர் முதுகில் தட்டினாராம். கோப்பையை ஜெயித்தபோதுகூட இத்தனை தட்டு விழவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஏழுமலை என் வீட்டுக்கு வந்தார். சட்டையில் பேட்ஜ் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை. கையில் ஒரு காகிதத்தின் கார்பன் நகல்.

"இதுல இன்னா எழுதியிருக்குதுன்னு படிச்சி சொல்லுங்க சார். கேட்டாண்ட போனா காவல்காரன் வுடமாட்டேங்கறான். பேட்ஜு ஒரு வாரத்துல திரும்பக் குடுத்துடுவோம்னு சொன்னாங்க. இப்ப இனிமே வரவே வராதேங்கறான்."

காகிதம் ஹிந்தியில் இருந்தது. சர்க்கார் நடத்தும் ஹிந்திப் பரீட்சையை நான் மூன்றாம் முறையில் தேறினேன். முதல் வார்த்தையிலேயே மாட்டிக்கொண்டேன். என் பெண் வித்யா காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். பதினாறு வயது, பிறந்தது டில்லி. தமிழை எறும்பு ஊர்வது போலப் படிப்பாள். ஹிந்தி என்றால் ரயில்.

"இது மாஃபிநாமா அப்பா, மன்னிப்பு லெட்டர். 'மைனே லாலச் மே ஆகர்...' லாலச்னா, என்னது, பேராசை. பேராசையில, சாஹிபுக்குத் தெரியாம, நானே பாலைத் தூக்கிப் போட்டேன், என்னை மாஃப் பண்ணுங்கன்னு எழுதியிருக்கு. அங்கிள், கீழே சைன் நீங்கதானே பண்ணீங்க?"

கீழே, ஹிந்திக் கோட்டைக்கு வெளியே தனியாக நிற்கும் காவல்காரன் போல, தமிழில் 'ஏழுமலை'.

"நான் தூக்கவே இல்லியே பாப்பா. பையோட அப்பா பக்கத்துலதான் நின்னேன்."

"பின்னே படிக்காம ஏன் சைன் பண்ணீங்க? பாகல் ஹோ க்யா?"

"வித்யா!" என்றாள் கமலா, பெரியவரைப் பைத்தியமா என்று கேட்டதற்கு.

ஏழுமலை கோபித்துக்கொள்ளவில்லை. "நாலு வருசமா அந்த சாரு என்கிட்ட பேசனதெல்லாம் ஏ, சல், ஜல்தி, அவ்ளோதான். அன்னிக்கி கிளப்பு ஆபீசுல உக்கார வெச்சாரு. 'ஏழுமலை, நீ திண்டிவனம் பக்கமாமே, வூட்ல சௌக்கியமா, சாப்ட்டியா'ன்னாரு. இது சும்மா ஃபார்மாலிட்டி, நம்ம ஊர்க்காரன நான் வுட்ருவனான்னாரு. நம்ம பாசையில ஒருத்தரு சாப்ட்டியான்னு கேக்கறாரு. அவரப் பாத்து, இதப் படிச்சிக் காட்டுன்னு எப்டி பாப்பா கேக்கறது?"

இந்தத் தவறைத் திண்டிவனத்தில் யாரும் செய்ய மாட்டார்கள். திண்டுக்கல்லிலும் செய்ய மாட்டார்கள். அங்கே ஏமாற்றுகிறவனும் தமிழில்தான் பேசுகிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயிரத்து நானூறு மைல் வடக்கே வந்த பிறகுதான் நமக்கு, தமிழில் பேசுகிறவன் நல்லவன் என்ற நம்பிக்கை முளைக்கிறது. அந்த ஆளுக்கு அது தெரிந்திருக்கிறது. நாலு வருஷம் பூட்டி வைத்திருந்த பாஷையை, ஒரு ஏழையின் பிழைப்பைப் பறிக்கும் அன்றைக்குத் திறந்திருக்கிறார். எனக்கு இன்னமும் ஆறவில்லை.

வித்யா என் பக்கம் திரும்பினாள். "அப்பா, நீங்க அங்கேதானே இருந்தீங்க?"

ஏழுமலை என்னைப் பார்க்கவில்லை. கூலரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

5

டில்லி என்னைக் கெடுத்துவிட்டது என்று இந்த இடத்தில் எழுத ஆசை. எழுதினால் ஊரில் எல்லோருக்கும் திருப்தியாக இருக்கும். பொய்.

பதினேழு வயதில் திண்டுக்கல்லில் நான் பூப்பந்துக் கோஷ்டியில் உபரி ஆள். என்னை ஆட்டத்தில் இறக்கினால் தோற்றுவிடுவார்கள் என்பதால் கோட்டு நடுவராக நிற்க வைப்பார்கள். ஒரு பந்தயத்தில் நகராட்சிப் பெரிய மனிதர் ஒருவரின் தம்பி மகன் அடித்த பந்து கோட்டுக்கு ஒரு சாண் வெளியே விழுந்தது. நான் கையை நீட்டி 'உள்ளே' என்றேன். எதிரணியில் இருந்தவன் தோல் ஷெட்டில் வேலை செய்கிறவன். சண்டை போடவில்லை. வந்து பந்து விழுந்த இடத்தைக் கால் கட்டைவிரலால் தொட்டுக் காட்டிவிட்டு, என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் ஆடினான். தோற்றான்.

ஆக, டில்லிக்கு நான் கெட்டுத்தான் வந்தேன். ட்ரங்குப் பெட்டி, படுக்கைச் சுருட்டு, ஊறுகாய் ஜாடி, இதுவும். கோபத்தின் மிச்சக் கால்வாசி யார் மேல் என்று இப்போது தெரிந்திருக்கும்.

ஏழுமலை போன பிறகு நான் வெகுநேரம் மனசுக்குள் நோட் போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்று, இது கிளப்பின் உள்விவகாரம். இரண்டு, ஏழுமலையே எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்று, வேறு ஏதாவது வேலை பார்த்துக் கொடுக்கலாம். சர்க்கார் எனக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே வித்தை இது: எதையும் செய்யாமல் இருப்பதற்கு மூன்று காரணம்.

கமலா வந்து எதிரில் உட்கார்ந்தாள். "உங்க ரிப்போர்ட்டு எழுதறது அவருதானே?"

"ஆமா."

"டெபுடி செக்ரட்டரி ஆயிட்டா மட்டும் இந்தக் கூலரு சத்தம் குறையப் போகுதாக்கும். எழுதுங்க. எழுதாம இந்த வீட்டுல உட்காந்து சாப்பிடப் போறீங்களா? அவ மூஞ்சியப் பாருங்க."

வித்யா முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாப்பாட்டு மேஜைக்கு டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

கமிட்டிக்கு நாலு வரி. அந்த ஆட்டத்தில் சாட்சி நான். ஆட்டக்காரர் பந்தைத் தன் கையால் எடுத்து வீசியதைப் பார்த்தேன். காடி என் பக்கத்தில் நின்றிருந்தார். தெரிந்தே தவறான கணக்கில் கையெழுத்துப் போட்டேன்.

6

கமிட்டி என்னை மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டது. சீட்டாட்ட அறையில் ஆறு பேர். ராமதுரை வரவில்லை, அவசர டூர். தலைவர் இங்கிலீஷில் கேட்டார், "தெரிந்தே ஏன் கையெழுத்துப் போட்டீர்கள்?"

"அவர் ஜாயிண்ட் செக்ரட்டரி."

"இப்போது ஏன் சொல்கிறீர்கள்?"

"இப்போதும் அவர் ஜாயிண்ட் செக்ரட்டரிதான்," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும் நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

முடிவை டைப் அடித்துப் பலகையில் ஒட்டினார்கள். பெருந்தன்மையோடு கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால் ஆட்டக்காரர் மேல் மேற்கொண்டு நடவடிக்கை இல்லை. பொய்க்கணக்குக்குச் சாட்சி சொன்ன உறுப்பினர், அதாவது நான், ஒரு வருஷத்துக்குப் போட்டிகளில் பெயர் கொடுக்கக் கூடாது. காடிக்கு பேட்ஜ் திருப்பித் தரப்படும். ஆனால் படிக்காமல் காகிதத்தில் கையெழுத்துப் போட்டதற்காக அவர் எச்சரிக்கப்படுகிறார்.

எச்சரிக்கப்படுகிறார்! கிளப்பின் மேஜையில், கிளப்பின் குமாஸ்தா எழுதிய காகிதத்தை, கிளப்பின் உறுப்பினர் நீட்டி வாங்கிய கையெழுத்து. திருடியவனுக்கு மாலை, பறிகொடுத்தவனுக்குப் புத்திமதி. அந்தக் காகிதத்தைக் கிழித்து எறியத்தான் போனேன். மேலே கண்ணாடி போட்டிருந்தார்கள்.

என் ரகசிய அறிக்கை ரகசியமாகவே இருக்கிறது. டெபுடி செக்ரட்டரி பட்டியல் வந்துவிட்டது. அது ரகசியமில்லை, என் பெயர் அதில் இல்லை.

சரி, ஏழுமலைக்கு பேட்ஜ் வந்துவிட்டதே, அதற்காகவாவது என்று நினைத்துக்கொண்டு போன ஞாயிறு போனேன். போட்டியில்தானே தடை, தனியாக ஆடலாம். காடிகள் காத்திருக்கும் தகரக் கொட்டகையில் அவர் இருந்தார். சட்டையில் பித்தளை மின்னியது. எனக்குள்ளும் ஏதோ மின்னியது, மறைப்பானேன். நன்றி சொல்வார், நான் 'அதெல்லாம் எதுக்கு ஏழுமலை' என்று சொல்ல வேண்டும். பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன்.

"வாங்க சார். நல்லா இருக்கீங்களா? ஒங்களாலதான் திரும்பி வந்துச்சு. வூட்லயும் சொல்லச் சொன்னா."

"அதெல்லாம் எதுக்கு ஏழுமலை. வா, போகலாம்," என்று பையை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை.

"வேற ஆளை அனுப்பறேன் சார்."

"ஏம்ப்பா?"

சுற்றியிருந்த மற்ற காடிகளை ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னார். "அந்த சாரு பொய் சொன்னாரு. அவரு அப்டித்தான், தெரிஞ்சதுதான். நீங்க என் பக்கத்துலயே நின்னீங்க. ஞாயித்துக்கெழம பாத்தீங்க. புதங்கெழம பேட்ஜப் புடுங்கினப்போ ஒங்களுக்குத் தெரியும்னு, ஒங்களுக்கு டீ குடுத்த அவரு பியூன் சொன்னான். சனிக்கெழம நானா வந்தேன். வந்தப்பறம் எழுதினீங்க." சட்டையில் பேட்ஜை நேராக்கிக்கொண்டார். "நான் வரலன்னா சார்?"

"எழுதியிருப்பேன், ஏழுமலை," என்றேன் உடனே. "நீ வரலேன்னாலும் எழுதியிருப்பேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. பந்து குழிக்கு ஒரு முழம் தள்ளி நின்றாலும், கிட்டத்தட்ட உள்ளே போய்விட்டது இல்லையா என்று கேட்கும் சாஹிபுகளுக்குத் தலையாட்டுவது அவர் தொழில். அதே மாதிரித் தலையை ஆட்டினார்.

"சரிங்க சார்," என்றார். அடுத்து வந்தவரின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கிப் போனார்.